மேற்கு வளைவுக் குடைக்கடை

மார்ச் 3

மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அத்தைக்கு முழங்கால் வலி, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பு முடிந்தது. இனி விஷயம்.

இன்று காலை கடை திறக்கப் போனால் ஷட்டரில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டேன். கிழக்கு வளைவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவர்தான் சத்தமாக வாசித்தார். கோட்டை வாசலின் இரு பக்க வளைவுகளிலும் இருக்கும் கடைகளால் கட்டடத்துக்கே ஆபத்தாம். ஜூன் முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம். மணிக்கூண்டுத் தெருவில் பாதிப் பேர் கூடி நின்று கேட்டார்கள். கடைசி வரிக்கு வந்ததும் அவர் நிறுத்திவிட்டார்.

"ஆய்வு பண்ணினவங்க பேரு போட்டிருக்கு. அதை நீங்களே படிச்சுக்குங்க" என்றார்.

பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் தன் முகத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தேன். உன் பெயர். பின்னால் என் பிள்ளையின் பெயர்.

போன மாதம் வந்திருந்தபோது "வாசலை ஒரு தடவை அளந்து பாக்கணும் மாமா" என்றாய். வந்த இடத்தில் ஆசையாகக் கேட்கிறாளே என்று நினைத்தேன். டேப்பின் மறுமுனையை நான்தான் பிடித்தேன். நீ பரணுக்கு ஏற நான்தான் ஏணியைப் பிடித்தேன். சுவரில் ஏதோ கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு "யாரும் தொடக்கூடாது" என்றாய். தொடவில்லை. எனக்கு வெட்டும் குழிக்கு நானே மண்வெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

போன் செய்யாதே. போனில் நீ விளக்கம் சொல்வாய், நான் கத்துவேன், உன் அத்தை நடுவில் பிடுங்கிச் சமையல் பேசுவாள். எழுது. எழுத்தில் கத்த முடியாது.

மாமா

*

மார்ச் 11

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மகன்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு "எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

நான் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது அது முழு உண்மை இல்லை என்று தெரிகிறது. அலுவலக வேலையாக வந்திருக்கிறேன் என்று முதல் நாளே சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டு எனக்கு ஒரு பச்சைக் குடை எடுத்துக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு அழுத்திச் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒன்றில் உங்கள் கோபம் நியாயம்.

மற்றதில் இல்லை. மூன்று வளைவுகளில் நடு வளைவுதான் திறந்திருக்கிறது. பக்கத்து இரண்டையும் பின்புறம் சுவர் வைத்து அடைத்துக் கடையாக்கியிருக்கிறார்கள். உங்கள் பரணைத் தாங்கும் உத்தரங்களுக்காக வளைவுக் கற்களிலேயே துளை போட்டிருக்கிறார்கள். பெயர்ப்பலகையை மாட்டிய இரும்புக் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. துரு ஏறினால் இரும்பு பருக்கும், பருத்தால் கல்லைப் பிளக்கும். பரணுக்குப் பின்னால் ஒரு விரிசல் போகிறது. அதன் குறுக்கேதான் அந்தக் கண்ணாடித் துண்டை ஒட்டினேன். விரிசல் பழசு, அசையாமல் இருக்கிறது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். வளைவு இன்னும் விரிந்துகொண்டிருந்தால் கண்ணாடி உடையும். அவ்வளவுதான் அதன் வேலை.

என் மாமனாரின் கடை அது என்று அலுவலகத்தில் ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்தேன். வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். ஆள் இல்லை என்றார்கள். பழுது பார்த்த பிறகு கடைகள் திரும்பி வரலாமா என்றும் கேட்டேன். ஆட்கள் நடக்க மூன்று வளைவும் திறந்திருக்க வேண்டும் என்றது நகராட்சி. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன் மாமா. எனக்கும் அவை திறந்திருப்பதுதான் பிடிக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். பரணில் இருக்கும் பெட்டிகளைக் கீழே இறக்கிவிடுங்கள். அத்தையின் நாற்காலி நேராக அதன் கீழே இருக்கிறது.

மருமகள்

*

மார்ச் 20

மருமகளுக்கு,

பெட்டிகளை இறக்கவில்லை. எங்கே இறக்குவது? கீழே வைத்தால் வாடிக்கையாளர் வெளியே நின்றுதான் குடை வாங்க வேண்டும். மழையில் நின்றால் அவர்களுக்குக் குடையின் அருமை தெரியும் என்கிறாள் உன் அத்தை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்த டவுனில் பழசில்லாத இடம் எது? மணிக்கூண்டின் அடியில் செருப்புக் கடை இருக்கிறது. பழைய நீதிமன்றத்தில் மேல்தளம் அருங்காட்சியகம், கீழ்த்தளம் இசைக்கருவிக் கடை. மேலே ஜனங்கள் அந்தக் கால நீதிபதியின் நாற்காலியை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே ஒருவன் டிரம்பெட் வாங்க வந்து ஊதிப் பார்க்கிறான். நீரூற்றுச் சதுக்கத்துச் சந்தைக் கட்டடத்தில் தூணுக்குத் தூண் ஒரு கடை. இவையெல்லாம் இருக்கலாம், என் குடைக்கடை மட்டும் கண்ணை உறுத்துகிறதா?

என் அப்பா அந்த வளைவை எடுக்கும்போது அது குப்பை கொட்டும் இடம். தெருநாய் கூட மூக்கைப் பொத்திக்கொண்டு போகுமாம். யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்று நகராட்சியே கெஞ்சிக் கொடுத்தது. குப்பையாக இருந்தபோது அது வாசல் இல்லை. நாங்கள் கழுவித் துடைத்து விளக்குப் போட்ட பிறகு அது சரித்திரமாகிவிட்டது. வாசலுக்கு இருநூறு வயது என்றால் கும்பிடுகிறார்கள். எனக்கு எழுபது என்றால் காலி பண்ணு என்கிறார்கள். இன்னும் நூற்றுமுப்பது வருஷம் பொறுத்தால் எனக்கும் ஒரு பலகை வைப்பார்களோ என்னவோ.

இன்னொரு விஷயம். சங்கத்தில் ஒரு மனு தயாராகிறது. தலைவரும் மற்றவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது பக்கத்தில் உன்னைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. குடும்பத் தகராறில் மாமனாரைப் பழிவாங்க எழுதிய பொய் அறிக்கை என்று.

"உங்க கையெழுத்து ஒண்ணு இருந்தா போதும். அறிக்கையே செல்லாது" என்கிறார் தலைவர்.

"தகராறு எதுவும் இல்லையே" என்றேன்.

"இப்ப இருக்குல்ல?" என்கிறார்.

மனுவின் ஒரு பிரதி என் மேஜை டிராயரில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாமா

*

ஏப்ரல் 2

மாமா அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்து இல்லாமலே மனு போய்ச் சேர்ந்துவிட்டது. என்னை அழைத்து விசாரித்தார்கள். நான் முன்பே எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினேன். இருந்தாலும் விசாரணை முடியும்வரை என் மேஜையில் எந்த வேலையும் வராது. ஒரு வாரமாகக் காலையில் போய் உட்கார்ந்து மாலையில் வருகிறேன். சக ஊழியர்கள் என்னைப் பார்த்தால் வானிலை பேசுகிறார்கள்.

வெளியூர் நிபுணர் ஒருவர் பதினெட்டாம் தேதி உங்கள் கடைக்கு வருவார். அறிக்கை உண்மையா பொய்யா என்று அவர் முடிவு செய்வார். கண்ணாடித் துண்டைப் பார்ப்பார். உங்களையும் கேட்பார். நான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அறிக்கை பொய் என்று உங்களுக்குத் தோன்றினால் அப்படியே சொல்லுங்கள் மாமா. எனக்காக எதுவும் மாற்றிச் சொல்ல வேண்டாம். ஆனால் நான் பழிவாங்க எழுதினேன் என்று மட்டும் நீங்கள் நம்புகிறீர்களா? இதை எழுதலாமா வேண்டாமா என்று தாளை இரண்டு தடவை கிழித்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் என்னை எல்லோரிடமும் "எங்க வீட்டு இன்ஜினியர்" என்று அறிமுகப்படுத்துவீர்கள். கண்ணாடிக் கடையில், ரொட்டிக் கடையில், சந்தையில் பூட்டு விற்பவரிடம்கூட. என் சொந்த அப்பா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த இன்ஜினியர் தான் பார்த்ததை எழுதினாள். வேறென்ன செய்வாள் என்று நினைத்தீர்கள்?

பெட்டிகளை இறக்குங்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மருமகள்

*

ஏப்ரல் 21

மருமகளுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் குறுக்கிடாதே.

உன் கடிதம் வந்த அன்று எதுவும் செய்யவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் வியாபாரம் மந்தமாக இருந்தது. உன் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே பரண் இருப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். "கொஞ்சம் எந்திரிச்சு வெளிய நில்லு" என்றேன். ஏணியைப் போட்டு ஏறினேன்.

ஆண்கள் குடைப் பெட்டி, மடக்குக் குடைப் பெட்டி, மழைக்கோட்டு மூட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டு டார்ச் அடித்தேன். கண்ணாடி உடைந்திருந்தது. நடுவில் சுத்தமாக, நகத்தால் கீறினது போல. இரண்டு துண்டும் சுவரில் ஒட்டினபடியே இருந்தன. நடுவில் மட்டும் இடைவெளி. நான் தொடவில்லை. பெட்டிகள் அதற்கு எட்டாத தூரத்தில்தான் இருந்தன.

கீழே இறங்கினேன். உன் அத்தை, "என்ன?" என்றாள்.

"உடைஞ்சிருக்கு."

"நீங்க உடைச்சீங்களா?"

"இல்ல."

நாற்காலியை எடுத்து வெளியே நடைபாதையில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அன்று முதல் அங்கேதான் உட்காருகிறாள்.

தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். மறைக்கிற எண்ணம் இல்லை. அவர் ஸ்டுடியோவில் ஒரு கல்யாண ஜோடியை நிற்க வைத்து விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர்களைச் சிரிக்கச் சொல்லிவிட்டு என்னைத் தனியே இழுத்துப் போனார்.

"அதனால என்ன? பெட்டி எடுக்கும்போது ஏணி தட்டிச்சுன்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தை. ரெண்டு கடையும் தப்பிச்சிடும்."

"தட்டலையே."

"தட்டினதை யாரு பாத்தா, தட்டாததை யாரு பாத்தா?"

அவரைத் திட்டி எழுதுவேன் என்று நினைக்காதே. அவர் கடன் வாங்கி இப்போதுதான் புது விளக்குகள் போட்டார். இருபது வருஷமாக மறுபக்க வளைவில் நிற்கும் மனிதர். என் அம்மா தவறியபோது தோள் கொடுத்தவர். அவர் சொன்னது எனக்கும் தோன்றாமல் இல்லை. வீட்டுக்கு வந்து உன் அத்தையைக் கேட்டேன்.

"என்னைக் கேக்காதீங்க. நான் மாமியார். நான் எது சொன்னாலும் தப்பாத்தான் போகும்" என்றாள்.

பதினெட்டாம் தேதி அந்த நிபுணர் வந்தார். ஒல்லியான மனிதர், வியர்த்துக்கொண்டே இருந்தார். கூடவே நகராட்சி அதிகாரி, தலைவர், வாசலில் பாதித் தெரு. நிபுணர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, "இது எப்படி உடைஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"யாரும் தொடலை. தானா உடைஞ்சது" என்றேன்.

"பெட்டியோ ஏணியோ பட்டிருக்குமா?"

"படலை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நாலு நாளா யோசிச்சுத்தாங்க சொல்றேன்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. உனக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு நன்றி எழுதாதே. உடைந்திருந்தது, உடைந்தது என்றேன். தலைவர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. காலையில் இருவரும் ஒரே நேரத்தில் ஷட்டரைத் தூக்குகிறோம். முன்பெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டுவோம். இப்போது அவர் ஷட்டரைப் பார்க்கிறார், நான் என் ஷட்டரைப் பார்க்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை. ஒருநாளும் நம்பவில்லை.

பெட்டிகளை இறக்கிவிட்டேன். கடைக்குள் நடக்க இடம் இல்லை.

மாமா

*

ஏப்ரல் 28

மாமா,

நன்றி எழுதக்கூடாது என்றீர்கள். எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை உங்கள் மகன் சத்தமாக வாசித்தார். "நாலு நாளா யோசிச்சுத்தாங்க" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

அத்தை வெளியே உட்காரும் இடத்தில் வெயில் படுமா? இருக்கிற குடைகளில் பெரியதாக ஒன்றை விரித்து வைக்கச் சொல்லுங்கள். விற்பனைக்கு என்று பார்க்க வேண்டாம்.

மருமகள்

*

ஜூன் 30

மருமகளுக்கு,

இடம் மாறிவிட்டோம். பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மூன்றாவது கதவு. நகராட்சி கொடுத்தது. முன்பு தபால் பைகள் வைக்கும் அறையாம். சுவர் நன்றாக இருக்கிறது. கூரை ஒழுகவில்லை. கடைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது, வாடிக்கையாளரைத் தவிர.

முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். ஒருவர் தபால்தலை கேட்டார். நான்காவது ஆள் கண்ணாடிக் கடைக்காரர். பாவம், தேவையில்லாமல் ஒரு குடை வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் ஏற்கெனவே நான் விற்ற மூன்று இருக்கின்றன.

பெயர்ப்பலகையைச் சந்தின் முனையில் மாட்ட அனுமதி கேட்டிருக்கிறேன். "இது பாரம்பரியத் தெரு, பலகை வைக்கக்கூடாது" என்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாரம்பரியம் காலில் தட்டுகிறது. உன் அத்தை ஒரு யோசனை செய்தாள். ஒரு சிவப்புக் குடையை விரித்து முனையில் நின்ற சைக்கிளில் கட்டிவிட்டாள். அது பலகை இல்லையே. யாருடைய சைக்கிள் என்று இன்னும் தெரியவில்லை.

தலைவர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் மாடியில் இடம் பிடித்துவிட்டார். மாடிப்படி ஏறிப் போட்டோ எடுக்க யார் வருவார்கள் என்று ஊரே சொன்னது. ஜன்னலில் மணிக்கூண்டு நேரே தெரிகிறதாம். கல்யாண ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்களாம். சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். அவர் இன்னும் பேசவில்லை.

அது இருக்கட்டும். என் பிள்ளை போனில் உளறியதை வைத்து ஒன்று கேட்கிறேன். வாசல் வேலையிலிருந்து உன்னை எடுத்துவிட்டார்களாமே? உண்மையா?

மாமா

*

ஜூலை 8

மாமா,

உண்மைதான். அறிக்கை சரி என்று முடிவாகிவிட்டது. என் மேல் குற்றம் எதுவும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வாசலைப் பழுது பார்க்கும் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. குடும்ப விவகாரம் என்று ஒரு தடவை பேச்சு வந்துவிட்டதால் இனி அந்தப் பக்கம் நான் போகாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்றார் மேலதிகாரி. எனக்கு ஒரு ஆற்றுப்பாலம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பாலம்தான். நான் போய் இறங்கிய அன்றே ஆடு ஒன்று என் வரைபடத்தைத் தின்றுவிட்டது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்த வாசலை முதன்முதலில் பார்த்தது பெண் பார்த்துவிட்டுப் போன நீங்கள் எங்களை உங்கள் ஊருக்கு அழைத்த நாளில். எல்லோரும் கடைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் வெளியே நின்று அண்ணாந்து வளைவின் உச்சிக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பொண்ணுக்குக் கழுத்து வலியா?" என்று அத்தை என் அம்மாவைக் கேட்டார்கள். அன்றிலிருந்து அந்த வளைவைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அதற்காகத்தான் உங்களைக் காலி செய்யவைத்தேன் என்று அர்த்தமில்லை. ஆனால் உங்களையும் காலி செய்யவைத்து, வேலையும் இல்லை என்றால், என்ன செய்தேன் என்று எனக்கே புரியவில்லை.

பாலத்துக்குப் போக வேண்டும். வண்டி வந்துவிட்டது.

மருமகள்

*

ஜூலை 23

மருமகளுக்கு,

உன் மேலதிகாரியைப் பார்க்கப் போயிருந்தேன்.

ரயிலில் போய், உங்கள் வீட்டுக்கு வராமலே திரும்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வந்திருந்தால் நீ தடுத்திருப்பாய். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வெளியே பெஞ்சில் காக்க வைத்தார்கள். கையில் ஒரு நல்ல குடை கொண்டுபோயிருந்தேன். லஞ்சம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"நான்தான் அந்தக் குடைக்கடைக்காரன்" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"எங்களை எழுப்பினது உங்க இன்ஜினியர். சரின்னு எழுந்துட்டோம். இப்ப அவளையே எழுப்பிட்டீங்களே, அது என்ன நியாயம்? விரிசல் எங்க இருக்குன்னு கண்டவளுக்குத்தானே அதை மூடவும் தெரியும்?"

"ஐயா, உங்க குடும்பத்துல தகராறுன்னு மனு வந்ததாலதான்…"

"தகராறு எங்களுக்குள்ள. நாங்க பேசிக்கிறோம். அதுல உங்களுக்கு என்ன?"

அவர் நல்ல மனிதர்தான். தண்ணீர் கொடுத்தார். ஆனால் விதி விதிதானாம். ஒரு தடவை மாற்றினால் மாற்றினதுதானாம். எவ்வளவு பேசியும் அசையவில்லை. உன் வாசல் வளைவே பரவாயில்லை, கொஞ்சமாவது அசைந்தது.

தோற்றுத்தான் வந்தேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ செய்தது என்ன என்று புரியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் பெரிய விஷயங்கள் புரியாது. ஒன்று தெரியும். உன் அத்தைக்கு இப்போது தலைக்கு மேலே வெறும் கூரைதான் இருக்கிறது.

குடையை அந்தப் பெஞ்சுக்கு அடியிலேயே மறந்துவிட்டேன். முடிந்தால் எடுத்துக்கொள். மரப்பிடி போட்டது.

மாமா

*

ஆகஸ்ட் 1

மாமா,

அலுவலகம் முழுவதும் உங்களைப் பற்றித்தான் பேச்சு. தயவுசெய்து இன்னொரு தடவை இப்படிச் செய்யாதீர்கள்.

அப்படி எழுதிவிட்டு நானும் உங்கள் மகனும் வெகுநேரம் சிரித்தோம். நான் கொஞ்சம் அழுதேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

குடை கிடைக்கவில்லை. மேலதிகாரி கையில் மரப்பிடி வைத்த குடை ஒன்றைப் பார்த்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

மருமகள்

*

பிப்ரவரி 20

மருமகளுக்கு,

போன வாரம் வாசலைத் திறந்துவிட்டார்கள். உனக்கு அழைப்பு அனுப்பவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கும் இல்லை. அமைச்சர், ரிப்பன், பேச்சு எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நேற்று செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் உன் அத்தையும் போனோம்.

உனக்குத் தெரிய வேண்டியதை முதலில் சொல்கிறேன். துளைகளை எல்லாம் அதே நிறக் கல்லால் அடைத்திருக்கிறார்கள். விரிசல் இருந்த இடத்தில் கல்லைக் கழற்றித் திரும்பக் கோத்திருக்கிறார்கள். தெரிந்தவன் கண்ணுக்குத்தான் தெரியும். உச்சிக் கல்லில் ஏதோ பூ வேலைப்பாடு இருக்கிறது. இத்தனை வருஷம் பரணுக்கு மேலே அது இருந்திருக்கிறது. அண்ணாந்து பார்த்தேன். உனக்கு அன்று கழுத்து வலி இல்லை என்பது விளங்கியது.

பின்சுவரை எடுத்துவிட்டதால் உள்ளே நின்றால் நீரூற்றுச் சதுக்கம் முழுவதும் தெரிகிறது. காற்று வருகிறது. பிடித்திருக்கிறதா என்று கேட்காதே. கல்லாப்பெட்டி இருந்த இடத்தில் ஒரு பெண் குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அப்போது ஊர் சுற்றிப் பார்க்கிற கும்பல் ஒன்று வந்தது. கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு வழிகாட்டி, பின்னால் பத்துப் பதினைந்து பேர். கோட்டை, படையெடுப்பு, எந்த ராஜா எந்தப் பக்கமாக ஓடினான் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "இந்தப் பக்க வளைவு ரொம்ப காலம் அடைச்சுக் கிடந்துச்சு. ஏதோ கடை இருந்ததாச் சொல்றாங்க" என்றான்.

"ஏதோ கடை இல்ல தம்பி. குடைக்கடை" என்றாள் உன் அத்தை.

எல்லோரும் திரும்பினார்கள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். உனக்குத் தெரியும், அவளை இழுக்க முடியாது.

"உங்க கடையாம்மா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எங்க கடைதான். இவர் அப்பா ஆரம்பிச்சது. இந்தா, இந்த இடத்துலதான் என் நாற்காலி."

"அப்புறம் ஏன் எடுத்துட்டீங்க?"

"வளைவு விரிஞ்சிட்டு இருந்துச்சு. தலைக்கு மேல வந்திருக்கும். எங்க மருமகதான் கண்டுபிடிச்சா. எங்களையே காலி பண்ண வச்சிட்டா."

"சொந்த மருமகளா?"

"சொந்த மருமகதான். வேற யாருக்கு அந்தத் தைரியம் வரும்?"

அந்தக் கும்பலில் இருந்த ஒருவர் அவளைப் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார். நாற்காலி இருந்த இடத்தில் போய் நின்று, தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் சதுக்கத்துப் பக்கமிருந்து எங்கள் தலைவர் வந்தார். சும்மா போகிற மாதிரி வந்தவர், போட்டோ எடுத்தவரைப் பார்த்துவிட்டு நின்றார். தொழில்காரருக்குப் பொறுக்கவில்லை.

"வெளிச்சம் பின்னாடி இருக்கு சார். அந்தம்மா முகம் கறுத்துடும். இந்தப் பக்கம் வாங்க" என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் போய் நில்லுங்க. என்ன வேடிக்கை?" என்றார்.

போய் நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது உன் அத்தை வழி நெடுக ஒரே பேச்சு. அந்த ஆள் போட்டோவை அனுப்புவானா, அந்த வழிகாட்டி இனிமேலாவது குடைக்கடை என்று சொல்வானா என்று. வீட்டு வாசலில் நின்று, "நான் பேசினதை எல்லாம் அவளுக்கு எழுதிடாதீங்க. தலைக்கு ஏறிடும்" என்றாள்.

அதனால்தான் இதை இன்றே எழுதித் தபாலில் போடுகிறேன்.

உன் மாமா